குழிக்கு மேல் நின்ற கார்

அப்பா அந்தக் காரை வாங்கியது போதையில். இதில் மறைக்க ஒன்றும் இல்லை, தெருவுக்கே தெரியும். அரிசி வாங்கி வரக் களம்பூருக்குப் போனவர், சாயங்காலம் ஒரு டிராக்டருக்குப் பின்னால் கயிறு கட்டி இழுபட்டு வந்தார். வெள்ளை பியட் கார். ஒரு காலத்தில் வெள்ளை. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வெளியே விட்டு, வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார். ஒரு கையில் எப்படிக் கும்பிடுவது என்று கேட்கக் கூடாது. போட்டார்.

அரிசி வரவில்லை.

ஒரு ரைஸ் மில் கொட்டகையில் பல வருஷம் கிடந்த வண்டி அது. இன்ஜின் இறுகிப்போயிருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் காலி இடம் உண்டு. அங்கே தள்ளிவிட்டு டிராக்டர்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். அன்று அம்மா பேசியது பக்கத்துத் தெருவுக்கும் கேட்டது. மறுநாள் முதல் அவள் அந்தக் காரைப் பற்றிப் பேசவில்லை. பேச வேண்டி வந்தால் "அது" என்பாள். பின் சீட்டில் கோழி முட்டையிட்டது. முன் சீட்டு எனக்கு. நான் அப்போது மூன்றாவது படித்தேன். அந்தச் சீட்டில் உட்கார்ந்து சென்னை வரைக்கும் பல முறை போய் வந்திருக்கிறேன்.

அடுத்த கார்த்திகையில் அப்பா சபரிமலைக்கு மாலை போட்டார். மாலை போட்டால் குடிக்க மாட்டார்கள். மலைக்குப் போய் வந்து கழற்றினால் குடிப்பார்கள். எங்கள் தெரு ஆண்களுக்கு அது வழக்கம். கழற்றிய கையோடு கடைக்குப் போனவர்களும் உண்டு. அப்பா கழற்றிச் சாமி படத்தில் மாட்டிவிட்டு, "இனிமே இல்ல" என்றார். எல்லாரும் காதில் வாங்கிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

பகலில் கவலை இல்லை. வீட்டுப் பட்டுத் தறியில் இருப்பார். பொழுது இறங்கிவிட்டால் அப்பா பட்டில் கை வைக்க மாட்டார். விளக்கு வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும் என்பார். காலைத் தொங்கவிட்டு நெய்கிற தறிக் குழியிலிருந்து எழுந்தால் வீட்டுக்கும் வாசலுக்கும் நடப்பார். அதுதான் முன்பு கடைக்குக் கிளம்பும் நேரம். அம்மா நடையில் உட்கார்ந்து ராட்டை சுற்றுவாள். கை ராட்டையில் இருக்கும், கண் வாசலில் கிடக்கும் அவர் செருப்பில் இருக்கும். செருப்பு கிடந்தால் ராட்டை ஓடும்.

அப்படி ஒரு சாயங்காலம் அப்பா செருப்பைப் போடாமல் இறங்கிப் போய்க் காரின் மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரு ஓணான் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. ஓணான் போய்விட்டது. அப்பா இருட்டும் வரை அங்கேயே நின்றார். சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார், இன்ஜினைத் தானே கழற்றிப் பிரித்து வேலை செய்யப் போவதாக.

அம்மா சோறு போட்ட கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். கோழி முட்டையிட ஒரு கூடை போதும், அதைக் காயலாங்கடைக்குப் போடு என்றாள்.

அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், களம்பூரில் நெல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இன்ஜின் பற்றி அதிகம் தெரிந்தவர் அவர்தான். கேள்விப்பட்டு வந்து காரை ஒரு சுற்று சுற்றினார். அவர் அப்பாவை மாமா என்று கூப்பிடுவார்.

"மாமா, இது இன்னா தறியா, அறுந்தா முடி போட்டுக்க?"

"தறின்னா உனக்கு லேசா? அத்தினி இழை இருக்குது, ஒண்ணுகூட மாறாம பழைய பாவோட புதுப் பாவைப் பிணைக்கிறேன். இதுல மொத்தமே நாலு பிஸ்டன்டா."

மாமாவும் காயலாங்கடைதான் என்றார். அப்பா ஒரு நியாயத்துக்கு மெக்கானிக் பாயைக் கூட்டி வந்தார். பாய் பஜாருக்குப் பின்னால் ஷெட் வைத்திருந்தார். நல்ல மனிதர். பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தார். ரிங் போயிருக்கும், வால்வு உட்காராது, பேரிங் சொல்ல முடியாது, மற்றபடி இரும்பு நல்ல இரும்பு என்றார். தன் ஷெட்டில் விட்டால் ஜல்தியாகச் செய்து தருவதாகச் சொன்னார். ஜல்தி என்றால் எப்போது என்று மாமா கேட்டார். பாய் யோசித்தார். ஆடிக்குள் என்றார். எந்த ஆடி என்று கேட்டதற்கு அவரே சிரித்துவிட்டார்.

இப்படியாகப் பேச்சு நாலைந்து நாள் ஓடியது. அப்பா ஒரு பக்கம், அம்மாவும் மாமாவும் ஒரு பக்கம். தெருவில் தண்ணீர் பிடிக்க வந்தவர்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பேஜார் தாங்காமல் கடைசியில் அம்மாதான் சொன்னாள், அம்மன் படத்துக்கு முன்னால் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று. பூக் கட்டிக் கேட்பது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் வீட்டில் பூவுக்குப் பதில் பட்டு இழை. இரண்டு நிற இழையைத் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து வைப்பார்கள். குழந்தை ஒன்றை எடுக்க வேண்டும். எது வந்தாலும் பேசக் கூடாது.

சிவப்பு வந்தால் அப்பாவே செய்யலாம். வெள்ளை வந்தால் காயலாங்கடை. பாய் ஷெட்டுக்கு மூன்றாவதாக ஒரு நிறம் வைக்கலாமா என்று மாமா கேட்டார். சாமியைக் குழப்பாதே என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை என்னைத் தலைக்குக் குளிப்பாட்டிப் புதுப் பாவாடை கட்டிவிட்டாள். அப்பாவின் கழிவு இழைப் பெட்டியிலிருந்து சிவப்பு எடுத்து வரச் சொன்னாள். கொண்டு போய்க் கொடுத்தேன். குட்டையாக இருக்கிறது, இன்னொன்று எடு என்றாள். எடுத்துக் கொடுத்தேன். பிறகு அடுப்படிக்குள் போய் மடித்துக்கொண்டு வந்து வைத்தாள். நாள்காட்டித் தாளில் மடித்த இரண்டு சின்னப் பொட்டலம். கற்பூரம் ஏற்றினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.

சிவப்பு.

அப்பா எழுந்தார். மேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காருக்குப் போனார். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா, "விதி" என்றாள். மிச்சப் பொட்டலத்தை எடுத்துப் போய் அடுப்பில் போட்டாள். கேட்டு முடித்தபின் மற்றதை வைத்திருக்கக் கூடாது என்றாள். நான் அடுப்புக்கு முன்னால் நின்று அது எரிவதைப் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மன் என் கை வழியாகப் பேசியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன்.

முதல் வேலையாக அப்பா குழி வெட்டினார். இன்ஜினின் அடிப்பக்கத்தைத் திறக்க வண்டிக்குக் கீழே போக வேண்டும். மற்றவர்கள் ஜாக்கி வைத்துத் தூக்கி, மல்லாந்து படுத்துப் போவார்கள். அப்பாவுக்குப் படுத்து வேலை செய்து பழக்கம் இல்லை. தறிக் குழி எப்படியோ அதே நீளம், அதே ஆழம். உட்கார ஒரு பலகை, காலைத் தொங்கவிட இடம். வெட்டி முடித்ததும் மாமாவும் நானும் காரைத் தள்ளிக் குழிக்கு மேல் நிறுத்தினோம். அப்பா முன் பக்கமாக இறங்கி உட்கார்ந்தார். தறியில் உட்காருவது போலவே உட்கார்ந்தார். மிதிகட்டை இல்லாத இடத்தில் கால் தானாக மிதித்தது.

மெக்கானிக் பாய் அந்தப் பக்கம் போனவர் சைக்கிளை நிறுத்திக் குனிந்து பார்த்தார்.

"இன்னா வாத்யாரே, எத்தினி முழம் நெய்ஞ்சிக்கீற?"

"இப்பதான் பாய் பாவு ஏத்திக்கீறேன்."

"முந்தானை வரும்போது சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் அந்த வழியாகத்தான் ஷெட்டுக்குப் போனார். சுற்று வழி அது.

பொழுது இறங்கினால் அப்பா தறிக் குழியிலிருந்து எழுந்து கார் குழியில் இறங்குவார். பிளக் ஓட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து, இறுகினதை இளக்கினார். ஒவ்வொன்றாகக் கழற்றினார். மாமா வாரம் ஒரு முறை வந்து அடுத்தது என்ன என்று சொல்லிவிட்டுப் போவார். கழற்றுகிற ஒவ்வொன்றிலும் அப்பா ஒரு பட்டு இழை கட்டினார். அவருக்குத் தெரிந்த வழி அதுதான். முதல் பிஸ்டன் பக்கம் வந்ததெல்லாம் அரக்கு. இரண்டாவது மாம்பழ மஞ்சள். மூன்றாவது கிளிப்பச்சை. நாலாவது மயில் நீலம். சாக்கை விரித்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்தால் கரி பிடித்த கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

அம்மா திட்டிக்கொண்டேதான் இருந்தாள். "அது" வந்து வீடெல்லாம் எண்ணெய் நாற்றம் என்பாள். விளக்கு வைத்த கையோடு டீ கொண்டு வந்து குழி ஓரத்தில் வைப்பாள். வைத்துவிட்டும் திட்டுவாள். ஒரு நாள் அப்பா அலுத்துப்போய் ஸ்பானரைப் போட்டுவிட்டு எழுந்தார். பாதியில் எழுந்திருக்கிற ஆளுக்கு எதற்கு இந்த வேலை, அன்றைக்கே காயலாங்கடைக்குப் போட்டிருந்தால் ஒரு குடமாவது வந்திருக்கும் என்றாள். அப்பா ரோஷத்தோடு மறுபடி இறங்கிவிட்டார். அம்மாவுக்கு அந்தக் காரைக் கண்டால் ஆகாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாமா வேலூர் போய் ரிங்கும் பேரிங்கும் வாங்கி வந்தார். இனிமேல் பூட்ட வேண்டியதுதான், வாரத்துக்குள் முடிந்துவிடும் என்றார் அப்பா. சாப்பிடும்போது அதைச் சொல்லி, பிறகு என்ன செய்வது என்று யோசிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கொல்லையில் பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா பிறந்தது சாயப்பட்டறை வீடு. பட்டு வேக வைக்கிற அண்டா, அவள் கல்யாணத்துக்கு அங்கிருந்து வந்தது. சோப்பும் சோடாவும் போட்டு, கச்சாப் பட்டை வேக வைத்துப் பசை போக்குகிற மாதிரி, இன்ஜின் சாமான்களை வேக வைத்துக்கொண்டிருந்தாள். வால்வு, ஸ்பிரிங், போல்ட், நட்டு எல்லாம். நீளக் கழியால் கிண்டிவிட்டாள். பிஸ்டனை மட்டும் அப்பா உள்ளே வைத்திருந்ததால் அது தப்பியது.

நன்றாகத்தான் வெளுத்திருந்தது. இரும்பு புதுசாகக் கடையில் வாங்கினது போல இருந்தது. ஆனால் இழைகளில் இருந்த சாயம் மொத்தமும் தண்ணீரில் இறங்கி ஒன்றோடொன்று கலந்துவிட்டது. அரக்கு இல்லை, மஞ்சள் இல்லை, பச்சை இல்லை, நீலம் இல்லை. எல்லாச் சாமானிலும் ஒரே தவிட்டு நிறத்தில் ஒரு நூல் தொங்கியது.

அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். ஒரு வால்வை எடுத்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். மாமா அப்போதுதான் வந்து இறங்கினார்.

"அக்கா, உனக்கு மண்டையில எதுனா கீதா?"

"கரியா கிடந்தது. வெளுத்து வெச்சேன். அது ஒரு தப்பா?" என்றாள் அம்மா. கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா ரொம்ப நேரம் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவர் திட்டவில்லை. சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு உட்கார்ந்துகொண்டு சிரித்தார். மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு வார வேலை மாசக் கணக்காயிற்று. எந்த வால்வு எந்த ஓட்டைக்கு என்று ஒவ்வொன்றாக வைத்து, உட்காருகிறதா என்று பார்த்து, தேய்த்து, மறுபடி பார்க்க வேண்டும். தேய்ப்பதற்கு ஒரு குச்சி உண்டு. முனையில் ரப்பர் கிண்ணம் ஒட்டியிருக்கும். அதை வால்வில் ஒட்டி, பசை தடவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும், தயிர் கடைகிற மாதிரி. அந்த வேலையை நான் பிடித்துக்கொண்டேன். நன்றாக வந்தது. அப்பா விரலால் தடவிப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் அடுத்ததைக் கொடுப்பார். ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம்.

ஒரு சாயங்காலம் மழை பெய்து விட்டிருந்தது. அப்பாவோடு முன்பு கடைக்குப் போகிறவர் மொபெட்டில் வந்து தெருவிலேயே நின்றார். இறங்கவில்லை.

"இன்னாப்பா, வரியா?"

அப்பா குழியில் இருந்தார். காருக்கு முன்னால் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"கை சும்மா இல்ல."

"கழுவிக்கினு வா. நிக்கிறேன்."

உள்ளே ராட்டைச் சத்தம் நின்றுவிட்டது. நான் குச்சியை உருட்டுவதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் பசை காய்ந்துவிடும். அப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்கை வரைக்கும் கறுப்பு.

"இது சோப்புக்கெல்லாம் போவாதுப்பா. நீ போ" என்றார்.

மொபெட் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றது. பிறகு போய்விட்டது. ராட்டை மறுபடி ஓடியது. முன்னைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடியது. அன்றைக்கு இரண்டாவது டீ வந்தது. அதில் சர்க்கரை கூட இருந்தது. அதற்கும் அம்மா ஏதோ சொல்லித் திட்டினாள்.

இன்ஜின் கிளம்பியது ஒரு காலையில். பாட்டரிக்கு பாய் தன் ஷெட்டிலிருந்து ஒன்றைக் கொண்டு வந்தார். காரைக் குழியிலிருந்து தெருவுக்குத் தள்ளினோம். பாதித் தெரு தள்ளியது, மீதித் தெரு யோசனை சொன்னது. அப்பா உள்ளே உட்கார்ந்தார். நான் என் சீட்டில் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் தள்ளினதும் அடியில் ஏதோ செருமியது. பிறகு இருமியது. பின்னால் நீலப் புகை எழுந்து, தள்ளிக்கொண்டிருந்தவர்கள் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. புகைக்குள்ளிருந்து கைதட்டல் மட்டும் கேட்டது. கார் தானாகப் போக ஆரம்பித்தது.

எங்கள் தெரு கிழக்கே கொஞ்சம் இறக்கம். தெரு முனையில் அந்த நேரத்துக்குப் பாவு கட்டியிருந்தார்கள். ஒரு புடவைக்கான பட்டு இழை மொத்தத்தையும் தெருவின் நீளவாக்கில் இழுத்துக் கட்டி, குச்சி கோத்து, கஞ்சி தடவிக் காய வைப்பது. காலை வெயிலில் மஞ்சளாகப் பளபளத்தது.

அப்பா காலால் மிதித்தார். மறுபடி மிதித்தார். வண்டி வேகம் குறையவில்லை.

"அம்மாடி, பிரேக் ஞாபகமே வரல" என்றார் என்னிடம். பெரியவர்களிடம் சொல்வது போலச் சொன்னார்.

இத்தனை மாசமும் எல்லாரும் இன்ஜினைத்தான் பார்த்தோம். அப்பா, மாமா, பாய், யோசனை சொன்ன தெரு, யாருக்கும் தோன்றவில்லை. தறிக்குப் பிரேக் கிடையாது. காலை எடுத்தால் நின்றுவிடும்.

அப்பா தலையை வெளியே விட்டு ஒரு கூவல் கூவினார். பாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் ஓடவில்லை. அவரவர் பக்கத்துக் குச்சியைப் பிடித்தார்கள். இரண்டு முனையையும் இரண்டு பேர் அவிழ்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே மூச்சில் மொத்தப் பாவையும் தூக்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்து சுவரோடு சுவராக நின்றார்கள். கதவு திறந்த மாதிரி இருந்தது. கார் அவர்களை உரசாமல் போயிற்று. நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டியிருந்தால் பட்டைத் தொட்டிருக்கலாம். முனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் மேட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கார் நின்றது. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

பாவை மறுபடி நடுத்தெருவுக்குக் கொண்டு வந்து கட்டினார்கள். இழை அறுந்திருக்கிறதா என்று இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்கள். அறுந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் வந்து அப்பாவைத் திட்டினார்கள். நிதானமாக, ஒருவர் விட்டு ஒருவர் திட்டினார்கள். அப்பா எல்லாருக்கும் கும்பிடு போட்டார். இந்த முறை இரண்டு கையாலும் போட்டார்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள், கையைக் காலைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள்.

"இன்னும் பிரேக் வேலை வேற கீதா?"

"கீது" என்றார் அப்பா.

"சரி. பாரு" என்றாள்.

அலுப்பில் சொல்கிறாள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே கார் குழிக்கு மேல் வந்துவிட்டது. பிரேக்குக்குப் பிறகு கிளட்ச். கிளட்சுக்குப் பிறகு கதவு. கதவு முடிந்ததும் மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது என்று அம்மாதான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

அப்பா அதற்குப் பிறகு கடைப்பக்கம் போகவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு முறை போனார். பாதி வழியில் திரும்பி வந்து குழியில் உட்கார்ந்துகொண்டார் என்று மாமா சொல்லக் கேட்டிருக்கிறேன். கார், மாமாவையும் சேர்த்து நாங்கள் நாலு பேரும் கோழி இல்லாமல் உட்கார்ந்து சந்தவாசல் வரை போய் வருகிற அளவுக்கு ஓடியது. அது போதும்.

இப்போது நானும் வண்டி ஓட்டுகிறேன். செய்யார் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன். ஷிப்டு முடிந்து ஆட்கள் ஏறும் வரை சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதெல்லாம் ஞாபகத்துக்கு வரும். சாயக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு, கொதிக்கிற சோடாவில் சாயம் ஓடும் என்று தெரியாதா? அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. அம்மா தெரியாமல் செய்துவிட்டாள் என்று அவளுக்காக வருத்தப்பட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் வரும். குட்டை என்று சொன்ன முதல் துண்டை அம்மா கீழே போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அவள் அடுப்பில் போட்ட பொட்டலம் உடனே எரியவில்லை. காகிதம் சூட்டில் மெதுவாக விரிந்து கொடுத்தது. நான் கிட்டத்தில்தான் நின்றேன். உள்ளே சிவப்பாகத் தெரிந்தது.

நெருப்பு என்று நினைத்தேன்.